பச்சைப் புள்ளி வேறு, வீகன் வேறு: புதுச்சேரி ஓட்டல் சமையலில் பால் நுழையும் இடங்கள்

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இருக்கும் உணவகங்களின் மெனு அட்டையில் ‘வெஜ்’, ‘வீகன்’, ‘பிளான்ட் பேஸ்டு’ என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. கால்வாயைத் தாண்டி நேரு வீதிப் பக்கம் வந்தால் சைவ ஓட்டல்களில் அந்தப் பேச்சே இல்லை. “வீகன் ஏதாவது இருக்கா?” என்று சப்ளையரைக் கேட்டால், “நம்மது சுத்த சைவம்தாங்க” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. வீகன் என்றால் பால், நெய், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது.

இந்தக் குழப்பத்தில் பாதி சட்டத்தால் வந்தது, மீதிப் பாதி சமையலறையின் வேலை முறையால் வருவது. சட்டத்தைப் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். சாப்பிட உட்காருகிறவருக்கு உண்மையில் உதவுவது இரண்டாவதுதான்.

சட்டம் எதைச் சைவம் என்கிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, விலங்கு, பறவை, மீன், முட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோ, அவற்றிலிருந்து எடுத்த பொருளோ சேர்ந்தால் அது அசைவம். பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே நெய்யில் மிதக்கும் மைசூர்பாகுக்கும் பச்சைப் புள்ளிதான், தேன் ஊற்றிய பழக்கலவைக்கும் பச்சைப் புள்ளிதான். சட்டம் புதிதாக எதையும் திணிக்கவில்லை. இங்கே வழக்கத்தில் இருந்ததைத்தான் எழுதி வைத்திருக்கிறது. கடலூர் மாவட்டம் வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு தொடங்கிய சத்திய தருமச்சாலையின் மரபும் புலால் மறுப்புத்தான். பாலை அது விலக்கவில்லை.

வீகனுக்குத் தனி விதி 2022ஆம் ஆண்டில்தான் வந்தது. அதன்படி இறைச்சி, மீன், முட்டையோடு பால், பால் பொருட்கள், தேன், பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம் எதுவும் கூடாது. சேர்மானத்தில் இல்லாவிட்டாலும், தயாரிப்பின்போது வடிகட்டவோ தெளியவைக்கவோ விலங்குப் பொருளைப் பயன்படுத்தியிருந்தால் அதுவும் ஆகாது. பீர், ஒயினைத் தெளியவைக்கப் பயன்படும் மீன் பசை இதற்கு எடுத்துக்காட்டு. இந்த விதிகளுக்கு உட்பட்ட பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துக்குள் இலையோடு கூடிய ஆங்கில ‘வி’ எழுத்து இருக்கும்.

இதோடு 3 குறிப்புகள்:

1. அசைவக் குறி இப்போது பழுப்பு வட்டம் அல்ல, பழுப்பு முக்கோணம். நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பச்சை வட்டமும் பழுப்பு வட்டமும் ஒன்றாகத் தெரிந்ததால் வடிவத்தை மாற்றினார்கள்.

2. ஓட்ஸ், பாதாம், சோயாவிலிருந்து எடுக்கும் திரவத்தைப் பொட்டலத்தில் ‘பால்’ என்று விற்கக் கூடாது; ‘பானம்’ என்றுதான் இருக்கும். காலங்காலமாக வழங்கிவரும் தேங்காய்ப்பாலுக்கு இதில் விலக்கு உண்டு.

3. சேர்மானத்தின் குறியீட்டு எண் மட்டும் அச்சடித்திருந்தால் அது எதிலிருந்து வந்தது என்று தெரியாது. சூப் பொடி, நூடுல்ஸ் மசாலாவில் வரும் ‘இ 631’ என்ற சுவையூக்கியை மரவள்ளி மாவிலிருந்தும் எடுக்கலாம், மீனிலிருந்தும் எடுக்கலாம். சேர்மானம் தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது இந்தக் காரணத்தால்தான்.

வெள்ளித்தாள் ஒட்டிய இனிப்புகளைப் பற்றிய பழைய சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. மாட்டுக்குடல் தோலுக்கு இடையே வைத்துத் தட்டும் பழைய முறைக்கு இப்போது இடமில்லை. தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் விலங்குப் பொருள் சேரக் கூடாது என்று 2016 முதல் விதி உண்டு.

“பால் வேண்டாம்” என்பவர்கள் மூன்று வகை

ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும் இவர்களுக்குத் தேவைப்படுவது ஒன்றல்ல. இதைப் பிரித்துச் சொல்லாததால்தான் மேசையில் பெரும்பாலான தகராறுகள் நடக்கின்றன.

1. கொள்கைக்காக விட்டவர். பாலோ நெய்யோ சேர்க்கக் கூடாது. ஆனால் முந்தைய நெய் ரோஸ்ட்டின் பிசுக்கு கல்லில் ஒட்டியிருப்பதைப் பெரும்பாலோர் பொருட்படுத்த மாட்டார்கள்.

2. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர். பால், பால்கோவா, ஐஸ்கிரீம் ஒத்துக்கொள்ளாது. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. புளித்த தயிரில் பாலைவிடக் குறைவு. இவர் நெய்ப் பொங்கலைப் பயமில்லாமல் சாப்பிடலாம்.

3. பால் ஒவ்வாமை உள்ளவர். இவருக்குச் சிக்கல் கேசின், மோர்ப்புரதம் போன்ற பால் புரதங்களில். மிகச் சிறிய அளவே உதட்டு வீக்கத்திலிருந்து மூச்சுத்திணறல்வரை கொண்டுபோகும். கல்லில் ஒட்டிய வெண்ணெயும் கழுவாத மிக்ஸி ஜாரும் இவருக்கு ஆபத்து.

மூன்றாம் வகையினர் ‘வீகன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. அதைக் கேட்டால் ஓட்டல்காரர் பத்தியம் மாதிரி ஏதோ விருப்பம் என்று நினைத்துக்கொள்வார். “பால் பட்டாலே அலர்ஜி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று சொன்னால் கேட்கிற முகமே மாறும். ஒரே கல், ஒரே கரண்டி வைத்து நூறு தோசை ஊற்றும் ஓட்டலில் இவர்கள் டிபனைத் தவிர்ப்பதே சரி.

ஜெயின் உணவு என்பது இன்னொரு கணக்கு. அதில் பால் உண்டு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடையாது. இரண்டையும் ஒன்றாக நினைக்கும் கேட்டரிங்காரர்கள் இருக்கிறார்கள். வீகன் விருந்துக்குச் சொன்னால் வெங்காயத்தை எடுத்துவிட்டுப் பனீரை வைத்துவிடுவார்கள்.

பால் நுழையும் நான்கு கட்டங்கள்

சைவ ஓட்டல் சமையலறையில் பாலும் நெய்யும் நான்கு வெவ்வேறு நேரங்களில் உணவுக்குள் போகின்றன. முதல் இரண்டு கட்டங்கள் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். அவற்றை மாற்றச் சொல்வது வீண். வேறு பண்டத்துக்குப் போய்விட வேண்டும். கடைசி இரண்டும் ஆர்டருக்குப் பிறகு நடப்பவை, அதனால் ஒரு வார்த்தையில் மாற்றிவிடலாம்.

1. மாவு பிசையும்போது, கரைக்கும்போது. இட்லி, தோசை மாவில் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, தண்ணீர்தான். தானாகவே புளிக்கிறது, தயிர் தேவையில்லை. ரவா தோசைக்குப் பல இடங்களில் புளித்த மோரில் கரைப்பார்கள். ரவா இட்லி தயிர் இல்லாமல் எழும்பாது, ஆப்பச்சோடா வேலை செய்ய அந்தப் புளிப்பு வேண்டும். நானுக்குத் தயிரும் பாலும் சேர்ப்பார்கள். சைவ ஓட்டல் பரோட்டாவில் முட்டை இல்லையென்றாலும் பால் அல்லது பால்பவுடர் இருக்க வாய்ப்பு அதிகம். தந்தூரி ரொட்டி பெரும்பாலும் கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மட்டும்.

2. சரக்கு மாஸ்டர் அண்டாவில் வைக்கும்போது. வெண்பொங்கல், கிச்சடி, கேசரி, பிசிபேளாபாத் ஆகியவற்றில் நெய் அப்போதே கலந்துவிட்டது. குருமாவைக் கெட்டியாக்கச் சிலர் தேங்காய், கசகசா, பொட்டுக்கடலை அரைத்து விடுவார்கள். சிலர் தயிரோ கிரீமோ சேர்ப்பார்கள். வட இந்தியக் கிரேவிகளுக்கு அடிப்படைக் குழம்பு காலையிலேயே தயாராகிவிடும்: வெங்காயம்-தக்காளி அடிப்படை எண்ணெயில் வதக்கியது, வெள்ளை அடிப்படையில் முந்திரியோடு தயிர், கிரீம், மக்கனி அடிப்படையில் வெண்ணெய். “கிரீம் போடாம பனீருக்குப் பதில் காய்கறி போட்டுக் குடுங்க” என்றால் மேலே ஊற்றும் கிரீம்தான் நிற்கும், உள்ளே இருப்பது அப்படியே வரும்.

3. அடுப்பில், கல்லில். தோசை மாஸ்டரின் கிண்ணத்தில் எண்ணெயும் நெய்யும் கலந்தே இருக்கலாம். “எண்ணெய் மட்டும் விட்டு ஒரு சாதா தோசை” என்று சொல்லிவிட்டால் போதும். பொடி இட்லியை நெய்யில் புரட்டாமல் நல்லெண்ணெயில் புரட்டித் தரலாம். தால் தட்காவுக்குத் தாளிப்பு ஆர்டருக்குப் பிறகு நடப்பதால் எண்ணெயில் கேட்கலாம். தால் மக்கனியில் அந்த வழி இல்லை.

4. தட்டில் வைக்கும்போது. சாம்பார் இட்லி மேல் ஒரு கரண்டி நெய், அடையின் ஓரத்தில் வெண்ணெய், ரொட்டியின் மேல் தடவும் பட்டர், தக்காளி சூப்பில் சுழிக்கும் கிரீம். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். கையில் பழக்கமாகிவிட்ட வேலை என்பதால் சொல்லாவிட்டால் தானாக வந்துவிடும்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் ‘வீகன்’ என்ற சொல்லே தேவைப்படாது. “மாவுல மோர் இருக்கா?”, “தாளிப்பு நெய்யா எண்ணெயா?”, “மேல நெய் விட வேண்டாம்” என்ற மூன்றும் எந்தச் சப்ளையருக்கும் புரியும். முதல் இரண்டுக்கும் பதில் தெரியவில்லையென்றால் உள்ளே போய்க் கேட்டுவரச் சொல்லலாம். “இருக்காதுங்க” என்ற ஊகப் பதிலை ஏற்கக் கூடாது.

வனஸ்பதியைப் பார்த்து நெய் என்று பயப்பட வேண்டாம், அது தாவர எண்ணெய்தான். உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. கொழுப்பு, எண்ணெய் வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 2022 ஜனவரி முதல் இருக்கிறது.

மதியச் சாப்பாடு: இலையில் எதை விடுவது?

வீகனுக்கு நகரத்தில் கிடைக்கும் மலிவான, நிறைவான வேளை சாதாரண மீல்ஸ்தான். தனி ‘வீகன் மெனு’ வைத்திருக்கும் இடங்களில் கிண்ணத்தில் கொஞ்சம் கீன்வாவும் அவகாடோவும் வைத்துத் தருவதைவிட இதில் பருப்பும் காயும் அதிகம்.

பருப்பு (நெய் இல்லாமல்), சாம்பார், வத்தக்குழம்பு, பொரியல், கூட்டு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் பொதுவாக எண்ணெய்ச் சமையல். ரசத்தை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், சில மாஸ்டர்கள் நெய்யில் தாளிப்பார்கள். மோர்க்குழம்பும் தயிர்ப்பச்சடியும் தெரிந்தவையே. மறைந்திருப்பது அவியல்; நம் பக்கம் அதில் தயிர் ஊற்றாமல் இறக்குவதில்லை. பாயசம் தேங்காய்ப்பாலில் செய்ததாக இருந்தாலும் முந்திரியை நெய்யில்தான் வறுத்திருப்பார்கள். மோருக்குப் பதிலாக இன்னொரு முறை ரசம் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

டிபனில் பிடித்துக்கொள்ள வேண்டியவை: இட்லி, உளுந்து வடை, பூரி மசால், இடியாப்பம், புளியோதரை, எலுமிச்சை சாதம், சுண்டல். இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் தரும் தேங்காய்ப்பாலில் சில இடங்களில் பசும்பாலைச் சேர்த்துப் பெருக்குவது உண்டு. கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் அது.

அரவிந்தர் ஆசிரமத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சைவம் மட்டுமே. காரமும் எண்ணெயும் குறைவு என்பதால் அது வீகன் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. ஆனால் பாலும் தயிரும் அங்கே அன்றாட உணவின் பகுதி. 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணத்தின் நீராவியால் சமைப்பதற்குப் பெயர்பெற்ற ஆரோவில் சோலார் கிச்சனும் அடிப்படையில் சைவ சமையலறைதான். அங்கும் தட்டில் வைப்பதற்கு முன் எதில் என்ன இருக்கிறது என்று கேட்பதே முறை.

பேக்கரியும் பிரெஞ்சு மெனுவும்

விலை உயர்ந்தால் வீகனுக்கு நெருக்கம் என்ற எண்ணம் பேக்கரியில் தலைகீழாகிவிடும். பிரெஞ்சு முறை குரோசான் செய்ய ஒரு கிலோ மாவுக்கு அரைக் கிலோவரை வெண்ணெய் மடித்து வைப்பார்கள். மேலே பளபளப்புக்கு முட்டையோ பாலோ பூசுவார்கள். டீக்கடை வெஜ் பப்ஸில் விலை கருதி மார்ஜரின்தான் போடுவார்கள். அது பெரும்பாலும் தாவரக் கொழுப்பு. மேலே முட்டை பூசியிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

நீளமான பிரெஞ்சு ரொட்டியில் சிக்கல் குறைவு: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். பிரான்சில் ‘மரபு ரொட்டி’ என்று விற்க இந்த எளிய சேர்மானத்தை விட்டு விலகக் கூடாது என்று 1993இல் அரசாணையே போட்டார்கள். அதே அலமாரியில் இருக்கும் பிரியோஷ் பன்னில் முட்டையும் வெண்ணெயும் நிறைய உண்டு. பன், ரஸ்க் வகைகளில் பால்பவுடர் இருக்கலாம். ‘எக்லெஸ் கேக்’ என்றால் முட்டை இல்லை என்று மட்டுமே பொருள். முட்டையின் வேலையை அதில் பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க் செய்கிறது.

மெனு அட்டையில் கவனிக்க வேண்டியவை:

1. வெங்காய சூப். மூல முறையில் மாட்டெலும்பு வடித்த நீர். சைவம் என்று போட்டிருந்தால் காய்கறி நீராக இருக்கும், ஆனால் வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி மேலே சீஸ் உருக்கியிருப்பார்கள்.

2. கிரெப் என்ற மெல்லிய பிரெஞ்சு தோசை. இனிப்பு வகையில் பாலும் முட்டையும் அவசியம். கருப்புக் கோதுமை என்று சொல்லப்படும் பக்வீட் மாவில் செய்யும் உப்பு வகை, அடிப்படையில் மாவும் தண்ணீரும்தான். கல்லில் வெண்ணெய் தடவாமல், மாவில் முட்டை சேர்க்காமல் செய்கிறார்களா என்று கேட்டால் போதும்.

3. பாஸ்தா. காய்ந்த பாஸ்தா துரும் கோதுமை ரவை. ‘ஃப்ரெஷ் பாஸ்தா’ என்றால் முட்டை இருக்கும். பச்சை இலைச் சாந்தான பெஸ்டோவில் சீஸ் இருக்கும்.

4. பார்மிசான் சீஸ். இத்தாலிய அசலுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அந்த ஊர் விதி. இது வீகனுக்கு மட்டுமல்ல, சைவ உணவுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. இந்தியாவில் தயாராகும் சீஸ்களில் பொதுவாக நுண்ணுயிர் நொதி பயன்படுகிறது.

5. மூஸ், பன்னா கோட்டா. இந்த இனிப்புகளை உறையவைக்கும் ஜெலட்டின் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர், அதாவது சைனா கிராஸ், தாவரப் பொருள். ஆனால் அதை வைத்துச் செய்தாலும் கிரீம் இருக்கும்.

ரட்டடூயி என்ற கத்தரிக்காய், சுரைக்காய் வகை, குடைமிளகாய், தக்காளிக் குழம்பு ஆலிவ் எண்ணெயில் செய்வது. பிரெஞ்சு மெனுவில் அதிகம் கேட்காமல் சொல்லக்கூடியது அதுதான்.

மீன் சாறு என்ற மறைபொருள்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் வழியாக வியட்நாம் சமையல் புதுச்சேரிக்கு வந்தது. நெம் என்ற சுருளின் மேல் தாள் அரிசிதான். சிக்கல் தொட்டுக்கொள்ளும் சாற்றில் இருக்கிறது: நெத்திலியை உப்பில் புளிக்க வைத்து வடித்த மீன் சாறு. பார்ப்பதற்குச் சோயா சாஸ் மாதிரி இருக்கும். தாய்லாந்துக் கறி விழுதில் இறால், கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் மீன் சாறு, வூஸ்டர் சாஸில் நெத்திலி என்று இதே கதை தொடரும். ‘காய்கறி’ என்று அட்டையில் போட்டிருப்பது மேலே தெரியும் துண்டுகளைக் குறிக்கிறது, விழுதை அல்ல. விழுதை இங்கே அரைக்கிறார்களா, பாட்டிலில் வருகிறதா என்று கேட்டு, பாட்டில் என்றால் அதைக் கொண்டுவரச் சொல்லிக் குறியைப் பார்க்கலாம்.

கலப்பு ஓட்டலில் எண்ணெய்ச் சட்டி

சைவமும் அசைவமும் தரும் ஓட்டலில் இரண்டையும் தனித்தனியே வைத்துச் சமைக்க வேண்டும் என்பது விதி. காய் நறுக்கும் பலகையைப் பிரித்து வைத்திருப்பார்கள். கூட்ட நேரத்தில் கட்டுப்பாடு உடைவது எண்ணெய்ச் சட்டியில்தான். சிக்கன் 65 பொரித்த எண்ணெயிலேயே காலிபிளவரும் விழும். சட்டியும் எரிவாயுவும் இரண்டு மடங்காகும் என்பதால் சிறிய கடைகளில் தனிச் சட்டி அரிது. பொரிப்பதற்குத் தோய்க்கும் மாவிலும் முட்டை கலந்திருக்கலாம். அங்கே பொரித்ததை விட்டுவிட்டு, அப்போதே வாணலியில் புரட்டும் பண்டத்தைச் சொல்வது மேல். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் வரம்பு உண்டு: காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் கெட்டு உருவாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது.

காபி

பில்டர் காபியில் சோயா பானத்தை ஊற்றினால் திரிவதற்குக் காரணம் காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைக் கட்டியாக்குவது. பானத்தை முதலில் மிதமாகச் சூடாக்கி, அதில் டிகாக்‌ஷனைச் சிறிது சிறிதாக ஊற்றினால் திரிவது குறையும். ‘பாரிஸ்டா’ என்று விற்கும் வகைகளில் புளிப்பைத் தாங்கும் உப்புகள் சேர்த்திருப்பதால் அவை பெரும்பாலும் திரியாது. விலையும் அதற்கேற்ப. டீக்கடையில் கருப்பட்டி போட்ட சுக்குக் காபிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. லெமன் டீயில் மட்டும் தேன் சேர்க்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஜூஸ் கடையில் மில்க் ஷேக் அடித்த அதே ஜாரில்தான் சாறும் அடிப்பார்கள்.

யாரிடம் புகார் செய்வது?

‘வீகன்’ என்று எழுதி விற்றுவிட்டு வெண்ணெய் சேர்த்திருந்தால் அது விதிமீறல். 2022 விதிகள் பொட்டலத்தை மட்டுமல்ல, வீகன் என்று சொல்லி உணவை விற்பதையே கட்டுப்படுத்துகின்றன. ‘பியூர் வெஜ்’ என்ற பலகை வைத்த கடையில் நெய் இருப்பதைக் குறை சொல்ல முடியாது. பில்லில் 14 இலக்க உரிம எண் இருக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐயின் புகார் செயலியில் அந்த எண்ணையும் மெனு, பில் படங்களையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். வாய்மொழி உத்தரவாதத்தை நிரூபிக்க முடியாது. அட்டையில் அச்சடித்திருப்பதைத்தான் பிடிக்க முடியும்.

எல்லையைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரிக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு சாப்பிடும் பல இடங்கள் புதுச்சேரியில் இல்லை. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், ஆரோவில் போகும் வழியில் உள்ள குயிலாப்பாளையம் எல்லாம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம்; அங்குள்ள கடைமீதான புகாரைத் தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறைதான் விசாரிக்கும். தெற்கே முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் போக வேண்டும்.